எத்தனையா, எவ்வளவா? ஆங்கிலப் பெயர்ச்சொல்லை எண்ணிப் பழகும் வழி

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஒரு டவுன். மளிகைக் கடையில் பள்ளிச் சட்டையோடு ஒரு பிள்ளை சாமான் வாங்க நிற்கிறது. கடைக்காரர் "முட்டை எத்தனை?" என்கிறார். "பத்து" என்கிறது பிள்ளை. "சீனி எவ்வளவு?" என்கிறார். "ரெண்டு கிலோ" என்கிறது. "சீனி எத்தனை?" என்று அவர் கேட்டிருந்தால் பிள்ளை விழித்திருக்கும். எதற்கு எத்தனை, எதற்கு எவ்வளவு என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளிக்குப் போகும் முன்பே வந்துவிட்டது.

அதே பிள்ளை ஆங்கிலப் பயிற்சியில் "ஹௌ மெனி சுகர்" என்று எழுதி, சிவப்பு மையோடு வீட்டுக்கு வருகிறது. தெரியாமல் எழுதியதல்ல. தெரிந்ததையும் படித்ததையும் யாரும் முடிச்சுப் போட்டுக் கொடுக்கவில்லை. கவுண்டபிள், அன்கவுண்டபிள் என்று பாடப்புத்தகம் பிரிப்பதில் பெரும்பகுதி நம்முடைய எத்தனை, எவ்வளவு என்ற இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது. எத்தனை என்றால் "மெனி", எவ்வளவு என்றால் "மச்". மலாயில் இந்த வசதி இல்லை. முட்டைக்கும் "பெராப்பா", சீனிக்கும் "பெராப்பா"தான். பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் அடுத்தடுத்த பாடவேளையில் வருவதால், பிள்ளைகள் மலாயிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள். இந்த ஒரு பாடத்துக்கு மட்டுமாவது தமிழிலிருந்து போகச் சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதி, தமிழ் ஒரு பக்கமும் ஆங்கிலம் வேறு பக்கமும் போகும் இடங்கள். தவறுகள் கொட்டிக் கிடப்பது அங்கேதான். இந்தக் கட்டுரையும் அதிக நேரம் அங்கேதான் நிற்கப் போகிறது.

முதலில் சட்டம்

எண்ணக்கூடிய சொல்லுக்கு ஒருமை, பன்மை இரண்டும் உண்டு. ஒன்று என்றால் முன்னால் "எ" அல்லது "ஆன்" வரும்: "எ மேங்கோ", "ஆன் எக்". பல என்றால் பின்னால் பெரும்பாலும் "ஸ்" வரும்: "டென் எக்ஸ்". எண்ணமுடியாத சொல்லுக்கு இந்த இரண்டும் கிடையாது. "எ ரைஸ்" இல்லை, "ரைசஸ்" இல்லை, வெறும் "ரைஸ்" மட்டுமே. வினைச்சொல்லும் எப்போதும் ஒருமைதான். பத்து மூட்டை அடுக்கியிருந்தாலும் "தி ரைஸ் இஸ் ஓல்ட்" என்றுதான் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு சிறிய விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. எண்ணக்கூடிய சொல் ஒருமையில் இருக்கும்போது தனியாக நிற்காது. தமிழில் "பேனா வாங்கினேன்" என்றால் போதும், "ஒரு" தேவையில்லை. ஆங்கிலத்தில் "ஐ பாட் பென்" என்று எழுதினால் வாக்கியம் நொண்டும். "எ பென்", "தி பென்", "மை பென்", "திஸ் பென்" என்று ஏதாவது ஒன்று முன்னால் இருந்தே ஆக வேண்டும். எண்ணமுடியாத சொல்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை: "ஐ பாட் ரைஸ்" சரியான வாக்கியம். "ஸ்" போட மறப்பதைவிட இந்த "எ" விட்டுப்போவதுதான் நம் பிள்ளைகளின் எழுத்தில் அதிகம். ஆகவே திருத்தும்போது கண்ணை முதலில் அங்கே வையுங்கள்.

தமிழ்ச் சோதனை

ஒரு சொல் எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால், அதைத் தமிழில் கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு எண்ணெய், எவ்வளவு உப்பு, எவ்வளவு பணம், எவ்வளவு முடி. இவை எல்லாமே ஆங்கிலத்திலும் "மச்"தான். எத்தனை மரம், எத்தனை வீடு, எத்தனை நாள், எத்தனை தடவை. இவை எல்லாமே "மெனி".

பிள்ளைகள் அடிக்கடி குழம்பும் "டைம்" என்ற சொல்லைப் பாருங்கள். "ஹௌ மச் டைம்" என்றால் எவ்வளவு நேரம். "ஹௌ மெனி டைம்ஸ்" என்றால் எத்தனை தடவை. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. தமிழில் இரண்டு தனிச் சொல் இருக்கின்றன, கேள்விச் சொல்லும் அவற்றோடு சேர்ந்து மாறுகிறது. இந்த ஜோடியைத் தமிழில் சொல்லிக் காட்டினால் ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும்.

வேலையும் அப்படியே. "எவ்வளவு வேலை கிடக்கு" என்றால் "வொர்க்". "ரெண்டு வேலை பார்க்கிறார்" என்றால் "ஜாப்ஸ்". அதனால்தான் "மெனி வொர்க்ஸ்" தவறு, "மெனி ஜாப்ஸ்" சரி.

பணம் எண்ணக்கூடியதுதானே, பிறகு ஏன் "மணி" எண்ணமுடியாத சொல் என்று பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. பதில் அதன் வாயிலேயே இருக்கிறது. "எவ்வளவு பணம்" என்றும் "எத்தனை வெள்ளி" என்றும் நாமே பிரித்துத்தான் கேட்கிறோம். நாம் எண்ணுவது வெள்ளியை, காசை. "பணம்" என்பது மொத்தத்தின் பெயர். ஆங்கிலத்திலும் "ஹௌ மச் மணி", "ஹௌ மெனி ரிங்கிட்". நம் நாட்டில் எழுதும் ஆங்கிலத்தில் "ரிங்கிட்", "சென்" இரண்டுக்கும் "ஸ்" சேர்ப்பதில்லை. "ஃபிஃப்டி ரிங்கிட்" என்றே எழுதுங்கள்.

தோட்டத்திலும் இதே பிரிவு உண்டு. பால்மரம் எத்தனை, மங்கு எத்தனை என்று கேட்கலாம். பால் எவ்வளவு, கட்டிப்பால் எவ்வளவு என்றுதான் கேட்க முடியும். "ட்ரீஸ்", "கப்ஸ்" எண்ணக்கூடியவை. "லேட்டக்ஸ்", "ஸ்கிராப்" எண்ணமுடியாதவை. செம்பனையில் குலைக்கு "பன்ச்சஸ்", எண்ணெய்க்கு வெறும் "ஆயில்". குவாலா கங்சாரில் 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், கன்றுக்கு "சீட்லிங்ஸ்" என்று "ஸ்" வரும், ரப்பருக்கு வராது. தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் இந்தப் பட்டியலை அவர்களிடமே கேட்டு வாங்கலாம். எத்தனை, எவ்வளவு என்பதில் அவர்கள் பிசகமாட்டார்கள்.

சமையலறையில் சறுக்கும் இடங்கள்

பொருள் சின்னதாக இருந்தால் எண்ணமுடியாது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அதை முழுதாக நம்ப வேண்டாம். அரிசி எண்ணமுடியாதது, கச்சாங் எண்ணக்கூடியது: "ரைஸ்" ஆனால் "பீநட்ஸ்". வெங்காயம் "ஆனியன்ஸ்", பக்கத்தில் கிடக்கும் பூண்டு வெறும் "கார்லிக்". பச்சைப் பட்டாணி "பீஸ்", சோளம் "கார்ன்". மீ, பீஹூன் எல்லாம் "நூடுல்ஸ்" என்று பன்மையில் வரும், ஸ்பெகட்டி வராது. நெத்திலி "ஆன்ச்சவீஸ்" என்று எண்ணக்கூடியது. மிளகாய் "சில்லீஸ்", அதை அரைத்துவிட்டால் "சில்லி பவுடர்". முழுத் தேங்காய் "எ கோக்கனட்", துருவினால் "கிரேட்டட் கோக்கனட்", பிழிந்தால் "கோக்கனட் மில்க்". உருவம் போனதும் எண்ணிக்கையும் போய்விடுகிறது. இந்தக் கடைசி மூன்றும் பிள்ளைக்கு நன்றாகப் பதியும். தேங்காயை உடைத்துத் துருவும்போது சொல்லிக் காட்டுங்கள்.

இங்கே தமிழ்ச் சோதனை ஒரு இடத்தில் ஏமாற்றும். கடையில் "வெங்காயம் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள், ஏனென்றால் நிறுத்து வாங்குகிறோம். அதை வைத்து "மச் ஆனியன்" என்று எழுதிவிடக் கூடாது. நிறுத்து வாங்கும் பொருளுக்கு இன்னொரு கேள்வி கேளுங்கள்: இதில் ஒன்றைக் கையில் எடுத்து, "ஒரு" என்று சொல்ல வாய் வருகிறதா? ஒரு வெங்காயம், வருகிறது. ஒரு மாவு, வராது. பூண்டும் சோளமும் இந்தச் சோதனைக்கும் அடங்காது. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். காய்கறி "வெஜிடபிள்ஸ்" என்று பன்மையாகும்போது, பழம் பெரும்பாலும் "ஃப்ரூட்" என்றே நிற்பதும் அப்படித்தான். "ஃப்ரூட்ஸ்" என்பதும் உண்டு, பல வகைப் பழங்களைக் குறிக்கும்போது வரும். செம்பனைத் தோட்டத்து உதிரிப் பழத்தை "லூஸ் ஃப்ரூட்" என்றும் "லூஸ் ஃப்ரூட்ஸ்" என்றும் இரண்டு விதமாக எழுதுவதைப் பார்க்கலாம்.

ரொட்டி தனியாகச் சொல்ல வேண்டியது. நமக்கு ரொட்டி சானாயும் ரொட்டிதான், பாக்கெட்டில் வருவதும் ரொட்டிதான். "ரெண்டு ரொட்டி" என்று கடையில் சொல்லிப் பழகிய வாய், "டூ பிரெட்ஸ்" என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. "பிரெட்" எண்ணமுடியாதது. துண்டாக இருந்தால் "டூ ஸ்லைசஸ் ஆஃப் பிரெட்", முழுசாக இருந்தால் "டூ லோவ்ஸ் ஆஃப் பிரெட்".

அளவுச் சொல்: "ஸ்" எங்கே, "ஆஃப்" எங்கே

எண்ணமுடியாததை எண்ண வேண்டுமென்றால் ஒரு பாத்திரமோ துண்டோ அளவோ வேண்டும். மலாய் படித்த பிள்ளைக்கு இது புதிதல்ல. பென்ஜோடோ பிலாஙான் என்று முதல் வகுப்புகளிலேயே படிப்பது இதைத்தான். "செகெப்பிங் ரோட்டி" என்பதுதான் "எ ஸ்லைஸ் ஆஃப் பிரெட்", "செபுக்கு ரோட்டி" என்பதுதான் "எ லோஃப் ஆஃப் பிரெட்". "செபூத்திர் பெராஸ்" என்றால் "எ கிரெய்ன் ஆஃப் ரைஸ்", "செஹெலாய் கெர்த்தாஸ்" என்றால் "எ ஷீட் ஆஃப் பேப்பர்", "செதித்திக் ஆயர்" என்றால் "எ ட்ராப் ஆஃப் வாட்டர்". இந்த இடத்தில் மட்டும் மலாய் மிக நல்ல துணை. வேறுபாடு ஒன்றுதான்: மலாயில் முட்டைக்கும் வீட்டுக்கும்கூட அந்தச் சொல் வரும், ஆங்கிலத்தில் எண்ணமுடியாதவற்றுக்கு மட்டுமே தேவை.

இந்தப் பகுதியில் வரும் தவறு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "டூ கிலோ ரைஸ்" என்று எழுதுவார்கள். தமிழில் "ரெண்டு கிலோ அரிசி", மலாயில் "டுவா கிலோ பெராஸ்". இரண்டிலும் பன்மை அடையாளமும் இல்லை, நடுவில் "ஆஃப்" மாதிரி ஒரு சொல்லும் இல்லை. இரண்டு மொழியும் சேர்ந்து ஒரே பக்கம் இழுப்பதால் பிள்ளை அங்கேயே விழுகிறது. சரியானது "டூ கிலோஸ் ஆஃப் ரைஸ்". "ஸ்" அளவுச் சொல்லுக்குப் போகிறது, அரிசிக்கு அல்ல. நடுவில் "ஆஃப்" கட்டாயம். வாயில் படிய வைக்க மூன்று தட்டுத் தட்டிச் சொல்லச் சொல்லுங்கள்: "டூ கிலோஸ்", "ஆஃப்", "ரைஸ்". "த்ரீ பாக்கெட்ஸ்", "ஆஃப்", "மைலோ". தினமும் ஐந்து பொருள், ஒரு வாரத்துக்கு. "ஆஃப்" தானாக வரத் தொடங்கும்.

வினைச்சொல் எதைப் பார்க்கும்? மூட்டைகளைத் தனித்தனியாக நினைத்தால் "டூ பேக்ஸ் ஆஃப் ரைஸ் ஆர் இன் தி ஸ்டோர்". மொத்த அளவாக நினைத்தால் "டென் கிலோஸ் ஆஃப் ரைஸ் இஸ் எனஃப்". இரண்டும் சரி. சிறு வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாவதை இப்போது சொல்ல வேண்டாம்.

தமிழ் நம்மைக் கைவிடும் சொற்கள்

இனி வருவதுதான் மதிப்பெண்ணைத் தின்னும் பகுதி. தகவல்கள், அறிவுரைகள், ஆதாரங்கள், ஆராய்ச்சிகள், சாதனங்கள். தமிழில் எல்லாவற்றுக்கும் "கள்" ஒட்டுகிறது. மலாயிலும் "மக்லுமாட்-மக்லுமாட்" என்று இரட்டித்து எழுதுவதைப் பார்க்கிறோம். ஆகவே "இன்ஃபர்மேஷன்ஸ்", "அட்வைசஸ்", "எவிடென்சஸ்", "ரிசர்ச்சஸ்", "எக்விப்மென்ட்ஸ்" என்று எழுதுவது நம் காதுக்கு இயல்பாகவே இருக்கும். ஆங்கிலத்தில் இவை எல்லாமே எண்ணமுடியாதவை. இது உலகப் பொதுவான தர்க்கமல்ல. பிரெஞ்சில் "இன்ஃபர்மேஷன்" என்ற அதே சொல்லுக்குப் பன்மை உண்டு. ஆங்கிலம் இப்படிப் பழகிவிட்டது, அவ்வளவுதான். பிள்ளையின் அறிவில் கோளாறு இல்லை என்று அதனிடமே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு கூட்டம்: "ஃபர்னிச்சர்", "லக்கேஜ்", "எக்விப்மென்ட்", "ஜுவல்லரி", "ஸ்டேஷனரி". மேசையை எண்ணலாம், பெட்டியை எண்ணலாம், வளையலை எண்ணலாம், பிறகு இவை ஏன் எண்ணமுடியாதவை? இதற்குத் தமிழிலேயே அருமையான சான்று இருக்கிறது. கல்யாணப் பேச்சில் "நகை எத்தனை போடுறீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. "நகை எவ்வளவு? எத்தனை பவுன்?" என்றுதான் கேட்பார்கள். நகை என்பது வளையல், சங்கிலி, தோடு எல்லாம் சேர்ந்த மொத்தத்தின் பெயர். மொத்தத்தை எவ்வளவு என்றும், அதன் உறுப்பை எத்தனை என்றும் கேட்கிறோம். "ஜுவல்லரி" அதுவேதான். அதை வைத்துக்கொண்டு மற்றதையும் புரியவைக்கலாம். "ஃபர்னிச்சர்" மேசை நாற்காலிகளின் மொத்தம், "லக்கேஜ்" பயணப் பெட்டிகளின் மொத்தம், "ஸ்டேஷனரி" பேனா, பென்சில், நோட்டுகளின் மொத்தம். நாம் "சாமான்" என்று சொல்லும்போது வரும் அதே உணர்வு.

இந்தச் சொற்களைத் தனியாக மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். ஜோடியாகப் படிப்பதே நல்லது. எண்ணமுடியாத ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எண்ணக்கூடிய ஒன்றை உட்கார வையுங்கள். "அட்வைஸ்" பக்கத்தில் "டிப்". "இன்ஃபர்மேஷன்" பக்கத்தில் "டீட்டெய்ல்". "லக்கேஜ்" பக்கத்தில் "பேக்". "ஃபர்னிச்சர்" பக்கத்தில் "சேர்". "எக்விப்மென்ட்" பக்கத்தில் "டூல்". "ஹோம்வொர்க்" பக்கத்தில் "அசைன்மென்ட்". "ட்ராஃபிக்" பக்கத்தில் "கார்". "ரிசர்ச்" பக்கத்தில் "ஸ்டடி". எழுதும்போது எண் போட வேண்டிவந்தால் ஜோடிக்குத் தாவலாம்: "டூ டிப்ஸ்", "த்ரீ பேக்ஸ்". முடியாவிட்டால் "எ பீஸ் ஆஃப்" இருக்கிறது: "எ பீஸ் ஆஃப் அட்வைஸ்", "டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்". ஒரு கட்டுரையில் "பீஸ் ஆஃப்" நான்கு தடவை வந்தால் வாசிக்கச் சலிக்கும். அதனால் ஜோடிச் சொல்தான் நமக்கு அதிகம் உதவும்.

"நியூஸ்" என்ற சொல்லின் கடைசியில் இருப்பது பன்மை "ஸ்" அல்ல. "தி நியூஸ் இஸ் குட்" என்றே வரும், "எ குட் நியூஸ்" தவறு. வானிலைக்கும் "எ" கிடையாது: "வாட் நைஸ் வெதர்". நம் நாட்டில் ரொம்பவே பரவிவிட்ட ஒன்று "ஸ்டாஃப்ஸ்", "ஒன் ஸ்டாஃப்". "ஸ்டாஃப்" என்பது பணியாளர்களின் மொத்தம். ஒருவரைச் சொல்ல "எ ஸ்டாஃப் மெம்பர்", இருவரை "டூ ஸ்டாஃப் மெம்பர்ஸ்" என்று எழுதுங்கள்.

இரண்டு பக்கமும் நிற்கும் சொற்கள்

ஒரே சொல் பொருளாக இருக்கும்போது எண்ணமுடியாமலும், அந்தப் பொருளாலான ஒரு பண்டமாக இருக்கும்போது எண்ணக்கூடியதாகவும் மாறும். "ரப்பர்" என்றால் கித்தா. "எ ரப்பர்" என்றால் பென்சில் பெட்டியில் இருக்கும் அழிப்பான். "பேப்பர்" என்றால் காகிதம். "எ பேப்பர்" என்றால் செய்தித்தாள், அல்லது தேர்வுத் தாள். ஆகவே எழுதக் காகிதம் கேட்கும் பிள்ளை "கேன் ஐ ஹேவ் எ பேப்பர்" என்று கேட்கக் கூடாது, "எ ஷீட் ஆஃப் பேப்பர்" அல்லது "சம் பேப்பர்" என்று கேட்க வேண்டும்.

"சிக்கன்" ஆபத்தான சொல். "ஐ ஏட் சிக்கன்" என்றால் கோழிக்கறி சாப்பிட்டேன். "ஐ ஏட் எ சிக்கன்" என்றால் ஒரு முழுக் கோழியைச் சாப்பிட்டுத் தீர்த்தேன். ஒரு "எ" செய்யும் வேலை அவ்வளவு. "ஹேர்" தலைமுடி முழுவதும், "எ ஹேர்" சோற்றில் கிடக்கும் ஒற்றை முடி. காப்பி, டீ எண்ணமுடியாதவை, ஆனால் கடையில் ஆர்டர் கொடுக்கும்போது "டூ டீஸ், ப்ளீஸ்" சரி. அங்கே எண்ணப்படுவது கிளாஸ்.

வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞர்கள் "எக்ஸ்பீரியன்ஸ்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பழகிவந்த திறமை என்றால் எண்ணமுடியாதது: "ஐ ஹேவ் எ லாட் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்". நடந்த ஒரு சம்பவம் என்றால் எண்ணக்கூடியது: "எ பேட் எக்ஸ்பீரியன்ஸ்". "ஐ ஹேவ் மெனி எக்ஸ்பீரியன்சஸ் இன் சேல்ஸ்" என்று எழுதினால், விற்பனையில் எனக்குப் பல சம்பவங்கள் நடந்திருக்கின்றன என்ற பொருள் வந்துவிடும். நீங்கள் சொல்ல வந்தது அதுவல்ல.

கொஞ்சம், கொஞ்சந்தான்

"ஃபியூ" எண்ணக்கூடியதற்கு, "லிட்டில்" எண்ணமுடியாததற்கு. இதை எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். முன்னால் "எ" இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் இன்னொரு பொருள் என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். தமிழில் சொல்லிக் காட்டுங்கள். "எ லிட்டில் ரைஸ்" என்றால் கொஞ்சம் அரிசி இருக்கு, சமாளிக்கலாம். "லிட்டில் ரைஸ்" என்றால் கொஞ்சந்தான் இருக்கு, பத்தாது. "எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்" ஒரு சில நண்பர்கள் உண்டு. "ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்" அதிகம் பேர் இல்லை. நாம் "தான்" சேர்த்துச் சொல்லும் குறையை, ஆங்கிலம் "எ" போடாமல் சொல்கிறது.

"மச்", "மெனி" பற்றி ஒரு எச்சரிக்கை. "மச்" கேள்வியிலும் எதிர்மறையிலும் நன்றாக இருக்கும். "ஐ ஹேவ் மச் மணி" என்று சாதாரண வாக்கியத்தில் எழுதினால் காதுக்கு ஒட்டாது. அங்கே "எ லாட் ஆஃப்" போடுங்கள். "எ லாட் ஆஃப்", "சம்", "எனி", "எனஃப்" நான்கும் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். தேர்வில் சொல் எந்தப் பக்கம் என்று நினைவு வராவிட்டால் இவற்றில் ஒன்றைப் போட்டுத் தப்பிக்கலாம். "ஃபியூவர்" எண்ணக்கூடியதற்கு, "லெஸ்" எண்ணமுடியாததற்கு. ஆனால் தூரம், நேரம், பணம் மூன்றும் எண்ணோடு வந்தாலும் "லெஸ்"தான்: "லெஸ் தேன் ட்வென்டி ரிங்கிட்".

ஒரு சிறு கடிதத்தைத் திருத்திப் பார்ப்போம்

எஸ்பிஎம் ஆங்கில எழுத்துத் தாளின் முதல் பகுதி, ஏறக்குறைய 80 சொல்லில் ஒரு பதில் மின்னஞ்சல். அவ்வளவு குறைந்த இடத்தில் ஐந்தாறு பிழை இருந்தால் ஒளிய இடமில்லை. இதைப் படியுங்கள்:

"தேங்க் யூ ஃபார் தி இன்ஃபர்மேஷன்ஸ் அபௌட் தி கேம்ப். ஹௌ மச் ஸ்டூடன்ட்ஸ் ஆர் கோயிங்? ஐ ஹேவ் டூ லக்கேஜஸ். ஐ வில் பிரிங் டார்ச் அண்ட் சம் பிரெட்ஸ். மை ஃபாதர் கேவ் மீ ஃபிஃப்டி ரிங்கிட்ஸ். ப்ளீஸ் கிவ் மீ ஆன் அட்வைஸ்."

ஏழு பிழை. "இன்ஃபர்மேஷன்" என்று "ஸ்" நீக்குக. மாணவர் எத்தனை பேர் என்பதால் "ஹௌ மெனி ஸ்டூடன்ட்ஸ்". "டூ பேக்ஸ்" என்று ஜோடிச் சொல்லுக்கு மாறுக. "டார்ச்" எண்ணக்கூடிய ஒருமை, "எ டார்ச்" என்று எழுதுக. இந்தப் பிழை மட்டும் ஓடிப் படிக்கும்போது கண்ணில் படாது. "சம் பிரெட்" போதும். "ஃபிஃப்டி ரிங்கிட்". கடைசியில் "சம் அட்வைஸ்".

எழுதி முடித்தபின் திருத்த மூன்று நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். முழுக் கடிதத்தையும் திரும்பப் படிப்பதில் பயனில்லை, கண் தான் எழுதியதையே சரி என்று காட்டும். பெயர்ச்சொற்களின் அடியில் மட்டும் பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் நின்று, எத்தனையா எவ்வளவா என்று கேட்க வேண்டும். எத்தனை என்றால் முன்னால் "எ" மாதிரி ஏதாவது இருக்கிறதா, அல்லது பின்னால் "ஸ்" இருக்கிறதா? எவ்வளவு என்றால் முன்னால் "எ", "ஆன்" எதுவும் இல்லாமலும், பின்னால் பன்மை "ஸ்" இல்லாமலும் இருக்கிறதா?

வீட்டில் பயிற்சிக்குத் தனிப் புத்தகம் வேண்டாம். சாமான் வாங்கிய ரசீது போதும். இருபது பொருள் இருந்தால் நோட்டில் இரண்டு பத்தி போட்டு, எத்தனைப் பக்கம், எவ்வளவுப் பக்கம் என்று பிரித்து எழுத வையுங்கள். பிறகு எவ்வளவுப் பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அளவுச் சொல்லைச் சேர்க்க வேண்டும்: எண்ணெய்க்கு "எ பாட்டில் ஆஃப்", பற்பசைக்கு "எ டியூப் ஆஃப்", சோப்புக்கு "எ பார் ஆஃப்", உப்புக்கு "எ பாக்கெட் ஆஃப்". நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். மூன்றாவது வாரத்தில் ரசீதை விட்டுவிட்டு "இன்ஃபர்மேஷன்" மாதிரி கண்ணுக்குத் தெரியாதவற்றுக்குப் போங்கள். தொடக்கத்திலேயே அங்கே போனால் பிள்ளை அலுத்துவிடும்.

சந்தேகம் தீராத சொல்லுக்கு அகராதி. சாதாரணக் கையடக்க அகராதியில் இந்த விவரம் பெரும்பாலும் இருக்காது. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் போன்றவை வெளியிடும் அகராதிகளில், பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் "சி" அல்லது "யூ" என்று ஓர் எழுத்து இருக்கும். "சி" எண்ணக்கூடியது, "யூ" எண்ணமுடியாதது. இணையத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் இருந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக அந்த எழுத்து இருக்கும். ஆகவே முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், உங்கள் வாக்கியத்துக்குரிய பொருள் எந்த வரியில் இருக்கிறது என்று கீழே இறங்கிப் போய்ப் பாருங்கள்.